லோன்றியில் எடுத்த மாதா படம்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கடிதம் எழுதியிருக்கிறேன், வேறு எதுவும் எழுதியதில்லை. எங்கள் சீனியர்ஸ் பில்டிங்கில் வெள்ளிக்கிழமைகளில் தமிழ் ஆட்கள் கூடுவோம். ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எழுதித் தாருங்கள், சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாக்கலாம் என்று அதை நடத்தும் பிள்ளை கேட்டாள். எழும்பி நின்று சொல்லச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்றுதான் ஒப்புக்கொண்டேன். என் எழுத்து கோணல். முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வரும். பல விஷயங்கள் மறந்தும் போய்விட்டன. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

மற்றவர்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட கதையை எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது ஒரு படத்தைப் பற்றி.

என் ஒரே மகன் என்னை ரொறன்ரோவுக்கு எடுத்தது தொண்ணூறுகள் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில். என் கணவர் அப்போது இல்லை. இந்தக் குளிருக்குள் ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. மகனுக்கு ஒரு பிள்ளை பிறக்கவேண்டும், அதை என் கையில் வாங்கவேண்டும். பனியைப் பார்க்கவோ ஊர் சுற்றவோ எனக்கு ஆசை இருக்கவில்லை.

வீடு வோபர்னில், பன்னிரண்டாம் மாடியில். ஒரு அறையும் ஒரு ஹோலும். அறையில் மகனும் மருமகளும், ஹோலில் சோபாவில் நான். மகனுக்கு வேலை மிசிசாகாவில், எயார்போட்டுக்குக் கிட்ட. விடிய முன் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். மருமகளுக்கு ஒரு டோனற் கடையில் காலை வேலை. மத்தியானத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நானும் அவளும்தான்.

அவளை அவன் இங்கேயே விரும்பிக் கட்டினான். கலியாணப் படம் ஊருக்கு வந்தபோது நான் பக்கத்து வீட்டுக்காரிக்கு அதைக் காட்டிச் சொன்ன முதல் வார்த்தை, "பெடிச்சி நல்ல கறுப்பு." அந்த ஒரு வார்த்தை எனக்கு முன்னே கனடா போய்ச் சேர்ந்துவிட்டது. எயார்போட்டில் அவள் என் பையை வாங்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள், "வாங்கோ மாமி. கறுத்த மருமகள்தான் வந்திருக்கிறன்." மகன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். எனக்கு நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

நானும் கறுப்புத்தான். என்னுடைய மாமியார் கடைசி வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "கரிச்சட்டி" என்பார். அந்த மாதிரி வார்த்தை எதையும் நான் மருமகளுக்கு நேரே சொன்னதில்லை. எனக்கு நேரே சொல்லும் துணிவு இல்லை. அதற்குப் பதிலாகச் செய்ததுதான் இந்தப் படத்தின் கதை.

இதை வாசிக்கும் இளம் ஆட்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். பிறந்த பிள்ளை எதுவும் முதலில் சிவந்துதான் இருக்கும். போகப்போக என்ன நிறத்துக்கு வரும் என்று அறிய எங்கள் பெண்கள் காதின் மேல் விளிம்பைப் பார்ப்பார்கள். அது கறுத்திருந்தால் பிள்ளை கறுப்பு. பிள்ளை பார்க்கப் போகிற வீட்டில் நலம் விசாரிக்கிற சாட்டில் தொப்பியை விலக்கிக் காதைப் பார்த்துவிடுவோம். ஊரில் எத்தனை பிள்ளைகளின் காதைப் பார்த்து நான் முடிவு சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இன்னொன்று, பிள்ளைத்தாச்சி எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளோ அதைப்போலப் பிள்ளை வரும் என்பது. அதற்காக அறையில் வெள்ளைக் குழந்தைகளின் கலண்டர்ப் படங்களை ஒட்டி வைப்பார்கள்.

மருமகளுக்குப் பிள்ளை தங்கியது நான் வந்து இரண்டாவது குளிர்காலத்தில். நான் அவளைக் கேட்காமலே குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். அவள் குடித்தாள். எதற்காகக் கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் குடித்தாள்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் இருக்கும்போது நான் கீழ்த்தளத்தில் லோன்றி அறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனேன். வீடு மாறிப் போகிறவர்கள் தங்களுக்கு வேண்டாததை அந்த அறையின் மேசையில் விட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஒரு படம் சுவரில் சாத்தி வைத்திருந்தது. பொன் நிறச் சட்டம், ஒரு மூலை உடைந்தது. மாதா நிலத்தில் இருக்கிறா. நீலப் போர்வை, உள்ளே சிவப்புச் சட்டை. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி குனிந்து பார்க்கிறா. அவவின் மடியில் உடுப்பில்லாமல் ஒரு ஆண்பிள்ளை நித்திரை, ஒரு கை கீழே தொங்குகிறது. பின்னால் வயல், மாடுகள், இலையில்லாத ஒரு மரம், அதில் ஒரு கறுத்த பறவை.

எனக்கு மாதாவோ வயலோ முக்கியமாகப் படவில்லை. அந்தப் பிள்ளையின் நிறத்தைத்தான் பார்த்தேன். பால் மாதிரி. தோய்த்த உடுப்புக்குள் வைத்து மூடி எலிவேற்றரில் மேலே கொண்டுபோனேன்.

மகன் வீட்டில் நின்ற ஒரு ஞாயிறு அவனிடம் சொல்லி அவர்களின் அறையில், கட்டிலுக்கு நேர் எதிரே, ஆணி அடிப்பித்து மாட்டினேன். மருமகள் வேலையால் வந்து கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஆர் மாமி உது?"

"மாதா. நல்ல வடிவான படம். நீ படுத்துக் கிடந்து பாக்கலாம்."

"என்னத்துக்கு நான் பாக்க?"

அவள் படத்துப் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு கோட்டுக் கைக்கு வெளியே தெரிந்த தன் கையைப் பார்த்தாள்.

"விளங்குது. பால் குடிச்சாச்சு, இனிப் படமும் பாக்கோணும். அதுக்குப் பிறகு என்ன மாமி, சுண்ணாம்பு தின்னவோ?"

மகன் சிரித்தான். சுத்தியலைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தான்.

அடுத்த நாள் பார்த்தால் படம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. மண்ணிறத் தாள் ஒட்டிய முதுகு தெரிந்தது. அவள் குளிக்கப் போன நேரம் நான் அதைத் திருப்பி வைத்தேன். நான் கீழே போய் வந்தபோது மறுபடி சுவரைப் பார்த்தது. இப்படியே நாட்கள் போயின. ஒருவருக்கொருவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினோம். கத்தரிக்காய்க்கு உப்புப் போட்டாச்சா, தொலைபேசியில் யார், ஒஷாவாவில் இருக்கும் அவளின் தங்கை எப்போது வருகிறாள். நான் பயந்த மனுசி என்று எல்லோரும் சொல்வார்கள். சத்தம் போடாமல் ஒரு பெண்ணை எவ்வளவு நோகச் செய்யலாம் என்பது அந்த நாட்களில் எனக்குக் கைவந்திருந்தது. ஏழாம் மாதத்தோடு அவள் வேலையை நிற்பாட்டினாள். எட்டிப் படத்தைத் திருப்ப அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு படம் நான் வைத்தபடியே இருந்தது.

எங்கள் மாடியிலேயே ஒரு ரீச்சர் இருந்தார். ஊரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், வேதக்காரர், மாதாவைக் கும்பிடுகிறவர். என்னிலும் கொஞ்சம் இளமை, என்னை அக்கா என்பார். ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்தார். மருமகள் மகனோடு டொக்ரரிடம் போயிருந்தாள். அறைக் கதவு திறந்து கிடந்தபடியால் படம் ரீச்சரின் கண்ணில் பட்டது. உள்ளே போய் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

அது இத்தாலியில் ஐந்நூறு வருடத்துக்கு முன் கீறிய படத்தின் கொப்பி என்றார். அந்தக் காலத்தில் இப்படிப் பல பேர் கீறினார்களாம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை நித்திரை எண்டோ நினைக்கிறியள்? உது செத்த கிடை, அக்கா. வளந்து, சிலுவையிலை இருந்து இறக்கினாப் பிறகு தாயின்ரை மடியிலை இப்பிடித்தான் கிடப்பார். தாய்க்கு அது இப்பவே தெரியுமெண்டு காட்டத்தான் உப்பிடிக் கீறிறது. பின்னாலை பாருங்கோ, பட்ட மரமும் காகமும்."

"ஓமோ" என்றேன்.

"பிள்ளைத்தாச்சி படுக்கிற அறை. கழட்டிவிடுங்கோ."

"ஓம் ரீச்சர், கழட்டிறன்."

நான் கழற்றவில்லை. காரணத்தை உள்ளபடி எழுதுகிறேன். ரீச்சர் வேதக்காரர், படம் தனக்கு வேண்டும் என்பதற்காக என்னைப் பயமுறுத்துகிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் போனபிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். பிள்ளையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தொங்கிய கை நித்திரைப் பிள்ளையின் கை மாதிரி இருக்கவில்லை. ரீச்சர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கழற்றினால் மருமகள் வென்றதாகிவிடும். அவ்வளவு நாளும் திருப்பித் திருப்பி வைத்தவள் இப்போது ஏன் கழற்றுகிறேன் என்று அவளுக்கு விளக்கம் சொல்லவேண்டும். அந்த நிறத்தை விடவும் எனக்கு மனம் வரவில்லை. கறிவேப்பிலை ஆய்ந்த குப்பையை அள்ளிப் போட்டுவிட்டுச் சோற்றை வடித்தேன்.

எட்டாம் மாதம் ஒரு காலை. மகன் வேலைக்குப் போய்விட்டான். மருமகள் குசினி வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறி இருந்தது.

"மாமி, பிள்ளை ஆடேல்லை. எழும்பினதிலை இருந்து பாக்கிறன், ஆடேல்லை."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "நித்திரையாய் இருக்கும்" என்றேன். "சரிஞ்சு படு. எழும்பி ஆடும்."

அவள் போய்ப் படுத்தாள். மத்தியானம் இன்னொரு முறை வந்தாள். அவருக்குப் போன் அடிக்கட்டோ என்று கேட்டாள். அவன் பாதி வேலையில் ஓடிவரவேண்டும், சும்மா பதறாதே, பின்னேரம் வருவான்தானே என்றேன். எனக்கு இங்கிலிஷ் தெரியாது, அம்புலன்ஸ் கூப்பிடத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஆனால் நான்கு பிள்ளை பெற்று ஒன்றை வளர்த்தெடுத்தவள் சொல்கிறேன் என்று அவள் என் சொல்லைக் கேட்டாள். அவ்வளவு காலத்தில் அவள் என்னை நம்பியது அந்த ஒரு பகல்தான்.

பொழுதுபட மகன் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் கேட்கவில்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். உயிர் முதல் நாளே போயிருக்கும், காலையில் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்ரர் சொன்னதாக மகன் என்னிடம் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அடுத்த நாள் அவள் அந்தப் பிள்ளையைப் பெற்றாள். பின்னேரம் மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் ஊரில் செத்துப் பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டமாட்டார்கள். துணியில் சுற்றி ஆண்கள் கொண்டுபோய் மண்ணுக்குள் தாட்டுவிட்டு வருவார்கள். இங்கே நேர்ஸ் பிள்ளையைக் குளிப்பாட்டி, நிறுத்து, மஞ்சள் கம்பளித் தொப்பி போட்டு, தாயின் மடியில் கொடுத்திருந்தாள். மருமகள் கட்டிலில் இருந்தாள். போர்வை விலகி, பிள்ளையின் ஒரு கை வெளியே வழிந்து தொங்கியது. ஆண்பிள்ளை. நான் கதவடியில் நின்றுவிட்டேன்.

"வாங்கோ மாமி" என்றாள். குரல் உயரவில்லை. "கிட்ட வாங்கோ. வெள்ளையாய்த்தான் கிடக்கு."

மகன் அவளின் பெயரைச் சொல்லித் தடுத்தான். அவள் கேட்கவில்லை. ஒரு விரலால் தொப்பியை மேலே தள்ளினாள்.

"காதையும் பாருங்கோ. வெள்ளை."

பிறகு இரண்டு கையாலும் பிள்ளையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்கோ. இதுக்குத்தானே வந்தனீங்கள். வாங்குங்கோ."

நான் வாங்கவில்லை. என் கைகள் இரண்டும் எனக்குப் பின்னால் போய்விட்டன. சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்னுக்குப் போனேன். அவளின் கைகள் கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்தன. கடைசியில் நேர்ஸ் வந்து பிள்ளையை அவள் கையில் இருந்து தாங்கி எடுத்தாள். எடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். மொழி தெரியாவிட்டாலும் அது விளங்கியது. ஒரு சின்ன மட்டையில் பிள்ளையின் கால் அடையாளமும் நிறையும் எழுதி மருமகளுக்குக் கொடுத்தார்கள். அது இங்கிலிஷில் இருந்தது, நான் வாசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ரீச்சர் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல மனுசி, அழுதார். அழுகையின் நடுவில், "அக்காவுக்கு நான் அண்டைக்கே சொன்னனான், உந்தப் படத்தைக் கழட்டுங்கோ எண்டு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

மருமகள் தலையை நிமிர்த்தினாள். "என்ன சொன்னனீங்கள் ரீச்சர்?"

ரீச்சர் சொல்லத் தொடங்கினார். வகுப்பில் சொல்வதுபோல முழுவதையும் சொன்னார். நித்திரையில்லை, செத்த கிடை, பட்ட மரம், காகம். மருமகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். என்றைக்குச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டாள். பிறகு எழும்பி ரீச்சருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கதவு வரை போய் வழியனுப்பினாள்.

அவர் போனதும் அறைக்குள் போய்ப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். என் சோபாவுக்கு நேர் எதிரே, ரீவிக்கு மேலே, சப்பாத்தின் குதியால் ஆணி அடித்தாள். பச்சை உடம்புக்காரி கதிரையில் ஏறி நின்று அடித்தாள். நான் விடு என்று சொல்லவில்லை, கதிரையைப் பிடிக்கவும் இல்லை. இறங்கிவந்து சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இனி நீங்கள் பாருங்கோ மாமி. நல்லாப் பாருங்கோ."

படம் பிள்ளையைக் கொல்லாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குச் சொல்லப்பட்டிருந்தும் அவள் தலைமாட்டுக்கு எதிரே அதை விட்டு வைத்தேன். பிள்ளை ஆடவில்லை என்றவளிடம் நித்திரை என்றேன். அவள் கணக்கில் வைத்தது இதைத்தான்.

அவள் எனக்குச் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. மருந்து நேரத்துக்கு வந்தது. பேச்சு மரியாதையாகவே இருந்தது. ஆனால் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதில் இருந்து ஒவ்வொரு காலையும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று படத்தைப் பார்த்து ஒன்று கேட்பாள்.

"மாமி, பிள்ளை எழும்பிட்டுதோ?"

முதல் நாட்களில் நான் வாய் திறக்கவில்லை. அவள் போகாமல் நின்றாள். பஸ் தவறினாலும் நின்றாள். நான் "இல்லை" என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறப்பாள். அதற்குப் பிறகு கேட்டதும் சொல்லப் பழகிக்கொண்டேன். ஒரு வருடத்துக்கு மேலே இது நடந்தது. மகன் அந்நேரம் மிசிசாகாவில் இருப்பான். ஒரு ஞாயிறு அவனுக்கும் கேட்டது. அவன் தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்குப் போய்விட்டான்.

ஒரு காலை அவள் கேட்கவில்லை. கதவைத் திறந்து போய்விட்டாள். அடுத்த நாளும் கேட்கவில்லை. பிறகு குளியலறையில் அவள் சத்தி எடுக்கும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அவள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குங்குமப்பூப் போத்தலை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அறையில் அந்தப் பழைய ஆணி அப்படியே இருந்தது. அவள் அதில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினாள். பின்னேரங்களில் கட்டிலில் சாய்ந்திருந்து அந்தக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ஒஷாவாத் தங்கையோடு தொலைபேசியில் பேசும்போது, எனக்குக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள், "நான் என்னைத்தான் பாக்கிறன். அச்சொட்டாய் என்னைப்போல வரட்டும்."

பெண்பிள்ளை பிறந்தது. சுகமான பிள்ளை. தங்கை வந்து நின்று பிள்ளையைப் பார்த்தாள். நான் பத்தியக் கறி வைத்தேன். அறைக் கதவு சாத்தியிருக்கும். பிள்ளை அழுவதும், பிறகு அழுகை நிற்பதும் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பேன். ஒரே சுவர்தான் இடையில். முப்பது நாளும் நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பில்டிங்கின் கீழே இருக்கும் பார்ட்டி ரூமில் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குப் பிள்ளையை முதலில் தகப்பனின் தாயின் மடியில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மகன் அதை அவளிடம் சொல்லியிருப்பான். அவள் பிடிகொடுக்கவில்லை. தங்கைதான் கடைசியில், "அக்கா, வயசுபோன மனுசி. வை, போதும்" என்றாள்.

நான் ஒரு மடக்குக் கதிரையில் ஓரமாக இருந்தேன். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவால் என்னிடம் வருவதைக் கண்டேன். சேலைத் தலைப்பை மடியில் விரித்தேன். அவள் என் முன்னால் குனிந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. பிள்ளையின் தலை என் முழங்கையில் பட்டது. சூடாக இருந்தது. பாதி நிறை என் மடியில் இறங்கிவிட்டது, மற்றப் பாதி இன்னும் அவள் கையில்.

அப்போது என் வலது கை தானாக எழும்பிப் போய்ப் பிள்ளையின் தொப்பியை விலக்கியது.

நான் நினைத்துச் செய்யவில்லை. இதை எத்தனை பேர் நம்புவார்கள் என்று தெரியாது. ஆனால் காதைப் பார்த்தேன். கறுத்திருந்தது. பார்த்ததும் என் மனம் ஒரு கணம் விழுந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் எல்லாவற்றையும் கண்டாள். என் கை போனதையும், என் முகம் மாறியதையும்.

"இன்னும் தேடுறியளோ மாமி" என்றாள். எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். சுற்றி நின்றவர்களிடம், "மாமிக்குக் கை நடுங்குது, பிறகு வைப்பம்" என்று சிரித்துச் சொன்னாள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த மனுசியிடம் பிள்ளையைக் கொடுத்தாள். அந்த மனுசி யாரென்றும் எனக்குத் தெரியாது. அவவிடம் இருந்து பிள்ளை இன்னொருவரின் கைக்குப் போனது, அங்கிருந்து இன்னொருவரின் கைக்கு. என் மடியில் சேலைத் தலைப்பு விரித்தபடியே கிடந்தது. வடை கொண்டுவந்தார்கள், சாப்பிட்டேன்.

பிறகு வைக்கவில்லை. அதே வீட்டில் அந்தப் பிள்ளை குப்புறப் பிரண்டது, தவழ்ந்தது, சோபாவைப் பிடித்து எழும்பி நின்றது. என் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தால் தாய் வந்து தூக்கிவிடுவாள். மகன் எனக்கு சீனியர்ஸ் பில்டிங்கில் இடம் எழுதிப் போட்டிருந்தான். கிடைத்தது. என் சாமான்களை அவளே கட்டினாள். சேலைகளை மடித்து, மருந்துப் போத்தல்களில் எது காலை எது இரவு என்று தமிழில் எழுதி ஒட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் துவாய்க்குள் சுற்றி அந்தப் படத்தையும் வைத்திருந்தாள்.

புது வீட்டில் நான் அதைக் குப்பைக் குழாய்க்குள் தள்ளியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சோபாவுக்கு எதிரே மாட்டினேன். மாதா பிள்ளையைக் கும்பிடுகிறா என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது தனியே இருந்து பார்க்கும்போது, அவவின் ஒரு விரலும் பிள்ளையில் படவில்லை. பிள்ளை மடியில் சறுக்கிக் கிடக்கிறது, அவ இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு இருக்கிறா.

பேத்திக்கு இப்போது நாலு வயது. மாதத்தில் ஒரு ஞாயிறு மூன்று பேரும் வருவார்கள். மகன் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவான். மருமகள் கதவடியில் நிற்பாள், உள்ளே வந்து இருப்பது குறைவு. போன முறை அவர்கள் வெளிக்கிடும் நேரம், மகன் காரை எடுக்கக் கீழே போய்விட்டான். பேத்தி படத்துக்கு முன்னால் நின்றாள்.

"அப்பம்மா, உந்த பேபி ஸ்லீப்பிங்கா?"

நான் தாயைப் பார்த்தேன். அவள் குனிந்து குளிர்ச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இல்லையம்மா" என்றேன். "நித்திரையில்லை."

பேத்தி அதற்கு மேலே கேட்கவில்லை. திரும்பி வந்து, யாரும் சொல்லாமல், என் மடியில் ஏறி இருந்தாள். தடித்த கோட்டோடு நல்ல பாரம். நான் கைகளைச் சோபாவிலேயே வைத்திருந்தேன், தலைப் பக்கம் கொண்டுபோகவில்லை. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். மற்றச் சப்பாத்தையும் கட்டினாள், மெதுவாகக் கட்டினாள். அதற்குப் பிறகு சொன்னாள், "இறங்குங்கோ அம்மா, அப்பம்மாக்குக் கால் நோகும்."

என் கால் நோகவில்லை. பேத்தி இறங்கிவிட்டாள்.

இதைப் புத்தகத்துக்கு எடுக்கும் பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்துங்கள். வேறு இரண்டு விஷயம் எனக்குத் தெரியாது. அவற்றை என் மருமகளிடம்தான் கேட்கவேண்டும், என்னால் கேட்க முடியாது. உயிர் முதல் நாளே போய்விட்டது என்றுதான் டொக்ரர் சொன்னாரா, அல்லது என் மகன் எனக்காக அப்படிச் சொன்னானா என்பது ஒன்று. டொக்ரர் சொன்ன நேரம் அவளும் அங்கே இருந்தவள். மற்றது, அந்த ஆண்பிள்ளையின் நிறை. மட்டை அவளிடம் இருக்கும். நான் கையில் வாங்காதபடியால் என்ன நிறை என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னால் உரிய இடத்தில் எழுதிவிடுங்கள். முதலாவதுக்கு அவள் சொல்வதை மட்டும், திருத்திய பிறகு எனக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.